ஐப்பசி முதல் மார்கழி வரை: மழையையும் பனியையும் படித்துப் பயணம் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து முடிந்திருந்தது. சென்னையில் மழை ஓய்ந்துவிட்டது. புயல்தான் போய்விட்டதே என்று தென் மாவட்டங்களுக்குக் கிளம்பியவர்கள் பலர் அன்று வழியில் மாட்டிக்கொண்டார்கள். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் ரத்தாயின, சில மாற்றுப் பாதையில் போயின. விழுப்புரம் பக்கம் அரசூரில் தென்பெண்ணை வெள்ளம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலேயே ஏறி ஓடியது.

அந்தத் தண்ணீர் சென்னையில் பெய்ததல்ல, விழுப்புரத்தில் பெய்தது மட்டுமும் அல்ல. கரையைக் கடந்த புயல் நகராமல் மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. அப்புறம் மெல்ல உள்ளே போய்க் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட வேண்டியதாயிற்று. அது ஆற்றோடு இறங்கி வந்து சாலையை எட்டியபோது மேலே வானம் வெளுத்திருந்தது.

நம் ஊரில் இந்த மாதங்களில் பயணம் போவதன் சிக்கலே இதுதான். குளிரும் மழையும் ஒரே பருவத்தில் வருகின்றன. தீபாவளி, கார்த்திகை தீபம், சபரிமலை, அரையாண்டு விடுமுறை, பொங்கல் எல்லாம் இதற்குள்தான் விழுகின்றன. பண்டிகைத் தேதிகளை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் எந்த முடிவை எப்போது எடுப்பது, அதற்கு எந்த அறிக்கையைப் பார்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது. அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இடத்துக்கு முன் மாதத்தைப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் தமிழகத்துக்கு இயல்பாகக் கிடைப்பது சுமார் 44 செ.மீ. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி இது. ஆனால் இந்த மழை எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நேரத்தில் வருவதில்லை. பருவம் முற்ற முற்ற மழைப் பட்டை தெற்கே இறங்கிக்கொண்டே போகும்.

ஐப்பசியில் கோவை, நீலகிரி, திண்டுக்கல் பக்கம் மலைச்சரிவுகளில் மாலை இடிமழை அதிகம். கார்த்திகை கடலோரத்துக்கு உரியது. சென்னை முதல் நாகப்பட்டினம் வரை நவம்பரில்தான் உச்ச மழை. கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது 2018 நவம்பர் 16-ஆம் தேதி. மார்கழி பிறந்தால் மழை போய்விட்டது என்று சென்னைக்காரர்கள் சொல்வது அவர்கள் ஊரளவில் பெரும்பாலும் சரி. தென்கோடிக்கு அது பொருந்தாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது 2023 டிசம்பர் 17-18-இல், மார்கழி பிறந்த கையோடு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டதும், பயணிகளோடு ரயில் அலையில் போனதும் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில்தான்.

ஆகவே தேதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடிந்தால் நான் சொல்வது இது: தீபாவளி விடுமுறையில் மலையேறுவதைத் தவிருங்கள், அதை டிசம்பர் கடைசிக்கோ ஜனவரிக்கோ தள்ளுங்கள். நவம்பரில் கடலோரச் சுற்றுலாவை வைத்துக்கொள்ளாதீர்கள். அரையாண்டு விடுமுறையில் ராமேசுவரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர் போவதாக இருந்தால் ஒரு நாளைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த மழை வரம்தான். வேடந்தாங்கல் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் வந்து தங்கும். ஜனவரியில் போய்ப் பாருங்கள்.

இரண்டாம் படி: பருவகால முன்னறிவிப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது

செப்டம்பர் கடைசியை ஒட்டி இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழைக்கான கணிப்பை வெளியிடுகிறது. நவம்பர் முடிவில் டிசம்பர்–பிப்ரவரிக் குளிர் பற்றிய கணிப்பு வரும். "இந்த ஆண்டு இயல்பை விட அதிக மழைக்கு வாய்ப்பு" என்று செய்தி வந்ததும் பயணத்தை ரத்து செய்கிறவர்களை அறிவேன். அதற்கு அவசியமே இல்லை. மூன்று மாத மொத்த மழையின் பெரும்பகுதி நாலைந்து சுற்றுகளில் பெய்து முடிந்துவிடும். நடுவில் வெயில் நாட்கள் நிறையக் கிடைக்கும்.

குறைவான மழை என்ற கணிப்பை நம்பி அசந்துவிடுவதும் தவறு. 2016-இல் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பை விட 62 சதவீதம் குறைவு. அப்படிப்பட்ட வறட்சி ஆண்டில்தான் டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கி விமான நிலையத்தை மூட வைத்தது.

எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தை விடச் சூடாவது), லா நினா (அது குளிர்வது) என்று கேட்டதும் ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்கு மழை கூடுதலாகக் கிடைப்பது வழக்கம். 2015 அதற்குச் சாட்சி. ஆனால் 2021-இல் லா நினா இருந்தும் இயல்பை விட 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. எனவே பருவகாலக் கணிப்பை வைத்து ஒன்றே ஒன்றை முடிவு செய்யுங்கள்: எந்த வகை முன்பதிவு என்று. கூடுதல் மழை என்றால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையை எடுங்கள். அதற்கு மேல் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: மூன்று வாரம் முன்பிருந்து ஐந்து நாள் முன்பு வரை

வானிலை ஆய்வுத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் அடுத்த நான்கு வாரங்களுக்கான விரிவான முன்னறிவிப்பைத் தருகிறது. உங்கள் பயண வாரத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் சாதகம் இருக்கிறதா என்பதை இதில் பார்க்கலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேகக் கூட்டங்கள் இந்தியப் பெருங்கடலைக் கடக்கும் வாரங்களில் அந்த வாய்ப்பு கூடும். அறிக்கையில் "மேடன்–ஜூலியன் அலைவு" என்று வருவது இதைத்தான்.

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது தெற்கு அந்தமான் கடல், தென்கிழக்கு வங்கக் கடல் என்ற பெயர்கள் அறிக்கையில் வருகின்றனவா என்று கவனியுங்கள். அங்கே உருவாகும் தாழ்வு மேற்கு, வடமேற்காக நகர்ந்து நம் கரைக்கு வர பொதுவாகச் சில நாட்கள் பிடிக்கும். அந்த இடைவெளிதான் நமக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம். ஆனால் கரையைத் தொடும் இடமும் நேரமும் கடைசி வரை மாறலாம். ஃபெஞ்சல் புயலாக மாறுமா மாறாதா என்பதே கடைசி இரண்டு நாளில் மாறி மாறி வந்தது. அதற்காக அறிக்கையைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு அதோடு விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பிழை.

கைப்பேசிச் செயலியில் பத்தாம் நாளுக்கு மேகமும் துளியும் போட்ட படம் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

நான்காம் படி: அறிக்கையின் சொற்களை அதன் அளவோடு படியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அளவு உண்டு. நாம் அதைச் சாதாரணப் பேச்சாக வாசித்துவிடுகிறோம்.

"கனமழை" என்றால் 24 மணி நேரத்தில் சுமார் 6.5 செ.மீ. முதல் 11.5 செ.மீ. வரை. "மிக கனமழை" அதற்கு மேல் சுமார் 20.4 செ.மீ. வரை. "அதி கனமழை" என்பது அதையும் தாண்டியது. சமவெளியில் கனமழை என்றால் குடையோடு சமாளித்துவிடலாம், பேருந்து தாமதமாகும். அதே கனமழை மலைப்பாதையில் தொடர்ந்து இரண்டு நாள் பெய்தால் மண் இளகி மரமும் பாறையும் சாலையில் விழும். எனவே மலைக்கு ஒரு படி கூட்டி வாசியுங்கள்: அங்கே கனமழை எச்சரிக்கையைச் சமவெளியின் மிக கனமழையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இடம் குறித்த சொற்கள். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியின் அளவீட்டு நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது. "ஒரு சில இடங்களில்" என்றால் பாதி வரை. "பல இடங்களில்" என்றால் முக்கால்வாசி வரை. "பெரும்பாலான இடங்களில்" என்றால் ஏறக்குறைய எல்லா இடத்திலும். ஓரிரு இடங்களில் கனமழை என்று போட்டு உங்கள் ஊரில் தூறல் கூட இல்லையென்றால் கணிப்பு பொய்த்ததாகாது. பக்கத்து வட்டத்தில் கொட்டியிருக்கும்.

நிறங்களுக்கும் அர்த்தம் உண்டு. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டே இருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள்; என் கணக்கில் குழந்தைகளும் முதியவர்களும் கூட வரும் மலைப்பயணத்தை இங்கேயே தள்ளிவைக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டிய நிலை. சிவப்பு நாளில் எதற்காகவும் சுற்றுலா கிளம்ப வேண்டாம்.

தாழ்வுகளின் வரிசையும் தெரிந்திருக்கட்டும். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல் என்று அது வலுப்பெறும். காற்று மணிக்கு 62 கி.மீ. தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். இங்கே எச்சரிக்கை: இந்த வரிசை காற்றின் வேகத்துக்கானது, மழைக்கானதல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்தது பெயர் வைத்த புயல் இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சிதான், அதாவது உயரத்தில் சுழலும் காற்று. செய்தியில் இந்தச் சொல் வந்தால் நாம் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அந்த இரவு கிளம்பிய செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு சிக்கி நின்றது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது.

இன்னொரு சின்ன விஷயம். மழை அளவு காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது. "இன்று பதிவான மழை" என்று காலையில் வரும் பட்டியல் பெரும்பாலும் நேற்றிரவு பெய்தது. போகும் ஊரில் நேற்று எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்க்க இதை விட நல்ல பட்டியல் கிடையாது.

ஐந்தாம் படி: உங்கள் வழியின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

போகும் பாதையை எடுத்து வைத்துக்கொண்டு அது எந்தெந்த ஆற்றைக் கடக்கிறது, அந்த ஆறுகள் எந்த மாவட்டத்திலிருந்து வருகின்றன என்று பாருங்கள். சென்னையிலிருந்து மதுரை போகிறவருக்குக் கிருஷ்ணகிரி வானிலை எதற்கு என்று 2024 வரை நானும் நினைத்திருந்தேன். இப்போது பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்கிறேன். அணை திறப்பு அறிவிப்பும் வானிலை அறிக்கைதான்.

அருவிகளுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் குடும்பத்தோடு கும்பக்கரை போயிருந்தோம். பெரியகுளத்தில் நல்ல வெயில். குளித்துக்கொண்டிருந்தபோது வனத்துறை ஊழியர் விசில் ஊதி எல்லோரையும் மேலே ஏறச் சொன்னார். இவ்வளவு வெயிலில் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். கால் மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த பாறை தெரியவில்லை. கொடைக்கானல் பக்கம் மேலே பெய்த மழை செம்மண் நிறத்தில் இறங்கியிருந்தது. என் பெண்ணின் செருப்பு அந்தப் பாறையில்தான் இருந்தது.

குற்றாலம், சுருளி, மணிமுத்தாறு, அகத்தியர் அருவி எங்கும் இதே கதைதான். தெளிந்த தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, அருவியின் இரைச்சல் கூடுவது, இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் துண்டைக் கூட எடுக்காமல் கரையேறுங்கள். குளிக்கத் தடை போட்டிருந்தால் காவலரிடம் கெஞ்ச வேண்டாம். ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா என்பதைக் காவிரியின் நீர்வரத்துதான் தீர்மானிக்கும்; கிளம்பும் அன்று காலை விசாரித்துவிட்டுப் போங்கள். சதுரகிரிக்கும் அப்படித்தான், ஓடைகளில் தண்ணீர் வந்தால் வனத்துறை அனுமதிப்பதில்லை.

ஆறாம் படி: மலைப்பாதை

மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் 46 கி.மீ. ஓடுகிறது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே செங்குத்தான சரிவு. ஒவ்வொரு வடகிழக்குப் பருவத்திலும் அங்கேதான் மண் சரிந்து சேவை நிற்கும். நவம்பரில் அந்த ரயிலையே நம்பித் திட்டம் போடாதீர்கள். ரயில் இல்லையென்றால் பேருந்தில் போவதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். குன்னூர் பாதை அடைபட்டால் கோத்தகிரி வழி இருக்கிறது. ஆனால் பெரிய மழையில் இரண்டுமே ஆபத்துதான். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியும் பழனி வழியும் உண்டு. எது திறந்திருக்கிறது என்று விடுதிக்காரரிடம் கேட்டால் வரைபடத்தை விடச் சரியாகச் சொல்வார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதம் இ-பாஸ் நடைமுறை வந்தது. அதை முன்பே எடுத்துவிடுங்கள்.

மலையில் பகலில் மட்டும் ஓட்டுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் மழையும் மேகமூட்டமும் சேரும். காலையில் ஏறி, காலையில் இறங்குங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் வாருங்கள். மேகமூட்டத்தில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணையே மறைக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள். மண்சரிவு நடந்த இடத்தில் வேடிக்கை பார்க்க இறங்க வேண்டாம், அடுத்த சரிவு அங்கேயேதான் வரும்.

சமவெளியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று வண்டியை விட்டுப் பார்க்காதீர்கள். முழங்கால் அளவு ஓடும் தண்ணீர் காரைத் தள்ளிக்கொண்டு போகும்.

கடல், விமானம், வடக்கே போகும் ரயில்

கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு காற்றையும் அலையையும் பார்த்துத்தான் ஓடும். பாம்பனில் காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். எனவே ராமேசுவரத்திலிருந்து திரும்பும் ரயிலையும் சென்னையில் ஏறும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள்.

ரயில் ரத்தானால் முழுக் கட்டணமும் திரும்பும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குத் தானாகவே வந்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லையென்றாலும் முழுத் தொகை கேட்கலாம். ஆனால் ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன் விண்ணப்பித்திருக்க வேண்டும், பலர் தவற விடுவது இதைத்தான். மோசமான வானிலையால் விமானம் ரத்தானால் மாற்று விமானமோ பணமோ கிடைக்கும், இழப்பீடு கிடைக்காது.

டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் மூடுபனி. அங்கிருந்து வரும் கிராண்ட் டிரங்க், தமிழ்நாடு விரைவு ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகலாம். அந்த ரயிலில் வந்து சென்னையில் வேறு ரயில் மாறுவதாக இருந்தால் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். போகிப் பண்டிகை காலையில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் தாமதமாவது உண்டு. அன்று மதியத்துக்கு மேல் பறப்பது நல்லது.

வழியில் சிக்கினால் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. கைப்பேசி மின்னேற்றி, இரண்டு நாள் மருந்து, கொஞ்சம் ரொக்கம், பிஸ்கட், தண்ணீர் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. மின்சாரமும் சிக்னலும் போன ஊரில் ஸ்கேன் செய்து பணம் கட்ட முடியாது.

கடைசியாக, உறைபனி பார்க்கப் போகிறவர்களுக்கு

இவ்வளவு எச்சரிக்கையும் தாண்டி இந்தப் பருவத்தில் காத்திருந்து பார்க்க வேண்டிய ஒன்று ஊட்டியின் உறைபனி. நவம்பரில் முதலில் நீர்ப்பனி, அதாவது உறையாத பனித்துளி விழும். மழை ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனி தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும், சில ஆண்டுகளில் பிப்ரவரியிலும் விழும். மேகம் இருந்தால் உறைபனி வராது. மேகம் போர்வை போலப் பூமியின் வெப்பத்தைத் தடுத்து வைத்திருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை வேகமாகக் குளிரும். கனத்த குளிர்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மலையுச்சியை விடத் தலைகுந்தா, காந்தள், குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்ந்த இடங்களில் புல் வெண்மையாகிறது. அதாவது கடலில் தாழ்வு எதுவும் இல்லை, நீலகிரியில் வறண்ட வானிலை என்று அறிக்கை வரும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று கணக்கிட்டால் மேட்டுப்பாளையத்தை விடப் பன்னிரண்டு டிகிரி குளிர் கூடுதல். தடித்த ஒரே ஸ்வெட்டரை விட மெல்லிய துணிகளை அடுக்கிப் போடுவது கதகதப்பு தரும். காதும் பாதமும் மூடியிருக்கட்டும். எவ்வளவு குளிரினாலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டாதீர்கள். அந்தப் புகையில் மணமில்லாத நச்சு வாயு உண்டு, தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

முந்தின இரவு வெளியே வந்து நட்சத்திரங்கள் தெரிகின்றனவா, மரக்கிளை அசையாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அலாரத்தை ஐந்து மணிக்கு வையுங்கள். ஐந்தரைக்கு ஊட்டியை விட்டுக் கிளம்பினால் விடியும் முன் தலைகுந்தாவில் இருக்கலாம். வெயில் ஏறி எட்டு மணி ஆவதற்குள் புல் மறுபடியும் பச்சையாகிவிடும்.